ஆணி அடிக்காத பெட்டி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மரப்பட்டறையில் நான் சேர்ந்த முதல் நாளே எனக்கு 'கோணி அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் தமிழ் பேசுகிற எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே அண்ணாச்சிதான். கோணி மட்டும் என் சொந்தச் சம்பாத்தியம். உளி, வாள், இழைப்புளி எல்லாவற்றையும் ஓர் அரிசிக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் இறங்கியிருந்தேன். அங்கே வேலை செய்த எட்டுப் பேரிடமும் ஆளுக்கொரு மரப்பெட்டி இருந்தது. எட்டும் அவரவர் கையால் செய்தவை.

பெட்டி சாமான் வைக்க மட்டும் இல்லை. காலையில் சாயா வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெட்டிமேல் உட்கார்ந்துதான் குடிப்பார். அடுத்தவன் பெட்டியில் உட்காரக் கூடாது. யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் சீவல் குவியலில் உட்கார்ந்து குடித்தேன். எழுந்தால் வேட்டியெல்லாம் மரச்சீவல் ஒட்டியிருக்கும். வீட்டு வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்களும் முகத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்ப்பார்கள். மூலை சரியாகச் சேர்ந்திருக்கிறதா, மூடி ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, இவர் வரட்டும் என்பார்கள். கோணியைப் பார்த்தவர்கள் நிற்காமல் தாண்டிப் போனார்கள்.

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம். பெட்டி இல்லாவிட்டால் என்ன, கை இல்லையா என்று இரண்டு மூன்று பேரிடம் சண்டைக்கே போனேன். அவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நாம் கத்தும்போது எதிராளியும் கத்தினால்தானே ஒரு மரியாதை? அந்தப் பட்டறையில் அதுவும் கிடைக்கவில்லை.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். எனக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் என் மாமன் மகள். எனக்குத் தாய் தகப்பன் இல்லாததால், வள்ளியூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அவள் அப்பா வீட்டிலேயே அவள் இருந்தாள். நான் கரமனையில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறையில் இருந்தேன். ஓட்டல்காரர் இருவர், கொத்தனார் இருவர், நான். ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற நாலு பேரும் புரள வேண்டும். அங்கே அவளை எப்படிக் கூட்டிவருவது?

தனியாக ஓர் அறை பார்த்திருக்கலாம்தான். ஆனால் மாமா வீட்டில் நாலு அறை, முற்றம், கிணறு, பின்னால் முருங்கை. அங்கே வளர்ந்த பெண்ணைக் கூட்டிப்போய் ஒற்றை அறையில் அடைத்துவிட்டான் என்று மாமா நினைப்பாரே என்று எனக்கு ஒரே கூச்சம். அவர் அப்படி நினைத்தாரா என்றால், அவரிடம் நான் கேட்டதே இல்லை. அவளிடமும் கேட்டதில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டு வாரம் ஒரு கடிதம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம் பட்டறையில் ஒரு பெரிய தேக்கு மரத்தடி உருண்டு என் பாதத்தில் விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் நிற்க முடியவில்லை. ஊருக்குப் போய்க் காலை ஆற்றிக்கொண்டு வா என்று முதலாளி அனுப்பிவைத்தார். அப்படிக் கிடைத்ததுதான் அந்த ஆறு வாரம். கால் வலித்தது நிஜம்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக யாரும் நொண்டியிருக்க மாட்டார்கள்.

மாமா வீட்டுப் பரணில் நாலைந்து வாகைப் பலகைகள் கிடந்தன. மாட்டுத்தொழுவத்துக்குக் கதவு போட என்று அறுத்துவைத்தது. மாடும் போய்த் தொழுவமும் போன பிறகு பலகை மட்டும் ஏழெட்டு வருஷமாக அடுப்புப் புகையிலும் ஓட்டுச் சூட்டிலும் காய்ந்துகொண்டிருந்தது. விரலால் தட்டினால் ணங்கென்று கேட்டது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, உனக்கில்லாமல் வேறு யாருக்காக வைத்திருக்கிறேன் என்றார் மாமா. கோணியைத் தொலைப்பது என்று அன்றே தீர்மானித்தேன்.

நான் நினைத்தது சாதாரணப் பெட்டி இல்லை. ஓர் ஆணி கூடாது, கீல் கூடாது, பூட்டு கூடாது. நாலு மூலையிலும் புறாவின் வால்போல விரிந்த பற்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கிப் பூட்டுவது. மூடிக்கு ஒரே அகலப் பலகை. பெட்டியின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் பள்ளம் எடுத்து, ஒரு முனையிலிருந்து பலகையைத் தள்ளி மூடுவது. பிள்ளைகளின் பென்சில் பெட்டி அப்படித்தானே இருக்கும், அதையே இரண்டரை அடி நீளத்துக்குச் செய்வது. பட்டறையில் இருந்த எட்டுப் பெட்டிக்கும் இரும்புக் கீல்தான். எட்டுப் பேரும் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வேலை செய்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தாள். பல் வெட்டும்போது கோடு ஒரு நூல் விலகினால்கூட அவள் கண்ணில் பட்டுவிடும். பட்டால் சும்மா இருக்க மாட்டாள், தொண்டையைச் செருமுவாள். எனக்குச் சுள்ளென்று வரும். என்ன இருமல், கஷாயம் குடி என்பேன். அவள் சிரிப்பாள், நான் அந்தப் பல்லைத் திரும்பவும் சீராக்குவேன். இப்படியே நாலு மூலையும் முடிந்தது.

மூடி முதன்முதலாகப் பள்ளத்துக்குள் ஓடிய அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் தன் தலையிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கி, மூடிக்கும் பள்ளத்துக்கும் நடுவே நுழைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் காட்டினாள்.

"முடி போவுது அத்தான்."

முடி போகாத பெட்டி உலகத்திலே எங்கே இருக்கிறது என்று கத்தினேன். நீங்கள் செய்கிற பெட்டி அப்படி இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விட்டாள்.

இழைத்தால் இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. ஆகவே பள்ளத்துக்குள் பப்படம்போல மெல்லிய சீவல் ஒன்றை வஜ்ஜிரப் பசையால் ஒட்டி, காயவைத்து, உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி மூடியை உள்ளே விட்டேன். மறுநாள் இன்னொரு முடியோடு வந்தாள், அதுவும் போனது. மேலே இன்னொரு சீவல் ஒட்டினேன். மூன்றாம் தடவை முடி நின்றது. இழுத்தாள், அறுந்தது. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ அவளே செய்த பெட்டி மாதிரி. யோசித்துப் பார்த்தால் பாதி அவள் செய்ததுதான். மூடியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தள்ளினால், கடைசி அங்குலத்தில் உள்ளே இருந்த காற்று புஸ்ஸென்று வெளியே வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடினோம்.

வெளிப்பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். பள்ளத்திலும் உள்ளேயும் பூசவில்லை, பிசுபிசுக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மழை என்பது ஐப்பசியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. எட்டு வருஷம் காய்ந்த பலகை என்றால் எங்களுக்கு அதைவிட நல்ல பலகை இல்லை. அவ்வளவு காய்ந்த மரத்துக்கு அவ்வளவு தாகமும் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? நான் திருவனந்தபுரத்தில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவன்தான். ஆனால் அப்போது என்னிடம் இருந்தது கோணி, அது நனைந்தால் பிழிந்து காயப்போடலாம்.

மாசிக் கடைசியில் பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினேன். எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். மூத்த ஆசாரி குந்தி உட்கார்ந்து மூலைகளில் நகத்தால் தடவிப் பார்த்தார். மூடியைத் திறக்க முயன்றார், பிடி கிடைக்கவில்லை. நான் உள்ளங்கையை வைத்துத் திறந்து காட்டினேன். அவர் எழுந்து, சாயா சொல்லடே என்று கடைப் பக்கம் குரல் கொடுத்தார். அவ்வளவுதான் பாராட்டு. அன்று என் பெட்டிமேல் உட்கார்ந்து நான் குடித்த சாயாவைப் பற்றி அவளுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

சித்திரையில் ஒரு செய்தி வந்தது. நகரத்தின் மறுகோடியில் ஒரு சர்க்கார் தொழிற்பள்ளியின் மரவேலைப் பட்டறைக்கு ஒரு தச்சர் வேண்டும், நிரந்தர வேலை, குடியிருக்கக் கோட்டர்ஸ் உண்டு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கோட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓட்டுக் கூரை போட்ட வரிசை வீடுகள். ஓர் அறை, ஒரு அடுக்களை, வாசலில் குழாய், பின்னால் பப்பாளி. காலியாக இருந்த வீட்டின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அடுப்பு எந்த மூலையில், அவளுடைய டிரங்குப் பெட்டி எந்த மூலையில் என்று எல்லாம் வைத்து முடித்துவிட்டேன். சர்க்கார் கோட்டர்ஸ் என்றால் மாமாவிடமும் தலை நிமிர்ந்து சொல்லலாம். அன்றைக்கே எழுதினேன்: கோட்டர்ஸ் கிடைத்ததும் கூப்பிடுகிறேன்.

தேர்வு ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை. அவரவர் சாமானோடு வர வேண்டும், கொடுக்கிற மரத்தில் சொல்கிற வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பே அவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் பருவமழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை, பாயைப் போட்டுப் படுத்துவிடும். பெட்டி மூடி கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. உள்ளங்கைக்குப் பதில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டித் திறந்தேன். அதிலும் எனக்குப் பெருமைதான். இன்னும் இறுகியிருக்கிறது, அவளுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எல்லா உளியையும் தீட்டி, வாளுக்கு அரம் போட்டு, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். கொட்டாப்புளியையும் உள்ளே வைத்துவிட்டு, மூடியைப் பள்ளத்தில் நுழைத்து, ஒரு செங்கல்லால் கடைசி அங்குலம்வரை அடித்து இறக்கினேன். புஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. ஞாயிறு முழுக்க மழை. எங்கள் அறையில் ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே ஓட்டல்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பெட்டி ஒழுகுகிற பக்கத்தில் ஒரு பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் கண்டக்டர் பெட்டியை ஏற்ற மாட்டேன் என்றான். கூரையில் போட ஆள் இல்லை, உள்ளே இடம் இல்லை என்றான். அவனோடு நான் போட்ட சண்டையில் இரண்டு பஸ் போய்விட்டது. கடைசியில் பெட்டியைத் தலையில் தூக்கிவைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். தாள் பாதி வழியில் காற்றில் பறந்து ஓடைக்குள் விழுந்தது. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடைக்கு இறங்க மனமில்லாமல் அப்படியே நடந்தேன்.

தேர்வுக்கு ஏழு பேர் வந்திருந்தோம். பட்டறை சூப்பிரண்டு ஒரு மலையாளி, கண்ணாடி போட்ட அமைதியான மனுஷர். ஆளுக்கு இரண்டு தேக்குத் துண்டு கொடுத்தார். புறாவின் வால்போன்ற பல் இணைப்பில் ஒரு மூலை சேர்க்க வேண்டும், மூன்று மணி நேரம். பள்ளிக்கூடத்துச் சாமான் எதையும் தொடக் கூடாது, அவரவர் சாமான்தான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்த இணைப்பை என் பெட்டியில் நாலு மூலையிலும் அல்லவா வெட்டியிருக்கிறேன்! மணி அடித்தது. ஆறு பேரும் சாமானை எடுத்தார்கள். நான் மூடியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன்.

அசையவில்லை. பலங்கொண்டமட்டும் தள்ளினேன். தேக்குத் துண்டால் தட்டினேன். பெட்டியைச் சுவரோடு சாய்த்து முழங்காலால் நெட்டினேன். பெட்டிதான் நகர்ந்தது, மூடி நகரவில்லை. ஏழெட்டு வருஷத் தாகத்தையும் அந்த வாகை பத்து நாளில் தீர்த்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் மூடி, எந்த இடத்தில் பள்ளம் என்றே தெரியாதபடி இரண்டும் ஒரே மரமாக ஆகியிருந்தன. சுற்றிலும் வாள் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து மேசையில் பாறசாலையிலிருந்து வந்த ஒருவர் நின்றார், என் வயதுதான் இருக்கும். அவருடைய சாமான் ஒரு கோணியில் இருந்தது என்பதை அப்போதே கவனித்து, மனதுக்குள் ஒரு ஏளனமும் வைத்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, மழை குடிச்சு வீங்கிப் போச்சு, கேட்டோ. இனி தள்ளினா வராது. பொளிக்கணும்."

உடைக்க வேண்டும் என்கிறார். உம்ம வேலையைப் பாரும் ஓய் என்று வெடித்தேன். நாலு மேசை தள்ளி நின்ற சூப்பிரண்டே திரும்பிப் பார்த்தார். பாறசாலைக்காரர் கோடு போடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வராந்தாவில் பியூன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சாயா போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு, மூடி ஓரத்தைத் தீயில் காட்ட ஆரம்பித்தேன். காய்ந்தால் சுருங்கும் அல்லவா? மரம் காய ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்த தச்சன்தான் நான். தெரிந்தே காட்டினேன். முந்திரி எண்ணெய் பற்றிக் கரும்புகை கிளம்பியது. பியூன் என்னை அந்தப் பக்கம் தள்ள, நான் அவரை இந்தப் பக்கம் தள்ள, சூப்பிரண்டு ஓடி வந்து ஸ்டவ்வை அணைத்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் போயிருந்தது. உங்களுக்குச் செய்ய முடியாவிட்டால் போகலாம், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

வராந்தாவில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே மழைக்குள் அந்த வரிசை வீடுகள் தெரிந்தன. நான் எட்டிப் பார்த்த சன்னல் மூடியிருந்தது. இந்த மூடியை உடைக்க எனக்கு ஏன் கை வரவில்லை என்று அப்போதுதான் நேராகக் கேட்டுக்கொண்டேன். மரத்துக்காக இல்லை, வேலைப்பாட்டுக்காகவும் இல்லை. அவளோடு நான் இருந்த நாட்கள் என்று சொல்ல அந்த ஆறு வாரம்தான் எனக்கு இருந்தது. அதை உளியால் பிளக்கச் சொல்கிறார்கள். ஆனால் பிளக்காவிட்டால் அவள் அங்கேயும் நான் இங்கேயும்தான் இருப்போம். எனக்கு அழுகை வந்தது. ஏழு பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய், பாறசாலைக்காரரிடம் ஓர் உளி கேட்டேன்.

தச்சன் உளி கேட்கிறதில்லை, கேட்டாலும் யாரும் கொடுக்கிறதில்லை. ஒருவர் தீட்டிய முனை அவர் கைக்குத்தான் பழகும். போட்டிக்கு வந்தவர் வேறு. ஒரே ஒரு வேலை. அவர் தன் கோணியிலிருந்து இருந்ததிலேயே அகலமான உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து நீட்டினார். முனை போய்விடுமே என்றேன்.

"உளி போனா போகட்டு அண்ணாச்சி. சமயம் போகுதல்லோ."

நார் ஓடுகிற திசையில் உளியை வைத்து மூன்று அடி. மூன்றாவது அடியில் பலகை வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு ஆறு பேரும் கையை நிறுத்தினார்கள். உள்ளே என் சாமான் எல்லாம் ஒரு சொட்டு ஈரம் படாமல், சனிக்கிழமை வைத்தபடி பளபளவென்று இருந்தது. அவ்வளவு நல்ல பெட்டி அது!

மிச்சம் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எனக்கு அது போதும். கோடு போட்டேன், அறுத்தேன், வெட்டினேன். ஆனால் கோபத்துக்கும் அழுகைக்கும் பிறகு கை சொன்னபடி கேட்பதில்லை. ஐந்து பல்லில் ஒன்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுக்காமல் அந்தப் பக்கம் அறுத்துவிட்டேன். சேர்த்தபோது அந்த இடத்தில் ஒரு இடைவெளி. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தால் தெரியாது. அடைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு நான் ஒழுங்காக நடந்துகொண்டேன்.

சூப்பிரண்டு ஏழு மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலை பாறசாலைக்காரருக்குக் கிடைத்தது. நியாயமான தீர்ப்புதான், அவருடைய மூலையை நானும் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். மறு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மழையில் இரண்டு பேரும் கரமனைவரை நடந்தோம். அவர் உளியின் முனையில் ஒரு சில்லு போயிருந்தது. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் மதியம் முழுக்கக் கல்லில் தீட்டி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவளுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினேன். வேலை கிடைக்கவில்லை. மூடியை நானே உடைத்துவிட்டேன். கோட்டர்ஸும் இல்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இடம் மிச்சம் இருக்கும்போதே ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

வழக்கமாக நாலாம் நாள் பதில் வந்துவிடும். ஆறாம் நாளும் வரவில்லை. மாமா வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எல்லாம் என் காதில் கேட்க ஆரம்பித்தது. ஒரு பெட்டியைத் திறக்கத் தெரியாதவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று மாமா சொல்வதாக நானே கற்பனை செய்து, அதற்கு நானே பதில் சொல்லி, பட்டறையில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பெட்டிக்கு மூடி இல்லை. ஒரு ஒட்டுப்பலகையை மேலே போட்டுவைத்திருந்தேன். கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, சாயா நேரத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் ஒரு கட்டில் காலை இழைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் திடீரென்று சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவள். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறுகையில் துணிமூட்டை, நனைந்த செருப்பு. நாகர்கோவிலில் பஸ் மாறி, தம்பானூரில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். தனியாக. அப்பாவிடம் சொன்னாயா என்றுதான் என் வாயில் முதலில் வந்தது, என் புத்தி அப்படி. அப்பாதான் வள்ளியூர்வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார் என்றாள்.

கோட்டர்ஸ் கிடைக்கவில்லை என்று எழுதினேனே, கடிதம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது என்றாள். மூட்டையைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் எழுதியவை எல்லாம் நூலால் கட்டியிருந்தன.

"வான்னு ஒரு வார்த்தை இதுல எங்கயாவது இருக்கா பாருங்க அத்தான்."

எதற்கு இந்த விளையாட்டு என்று கோபமாகத்தான் பிரித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டறை இருந்தது, சாயா இருந்தது, பெட்டி மூடி இறுகியது இருந்தது, கோட்டர்ஸின் பப்பாளி மரம் இருந்தது. கிடைத்ததும் கூப்பிடுகிறேன், கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அவள் கேட்டது ஒன்றிலும் இல்லை. கடைசியாக எழுதிய இன்லண்டில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"கோட்டர்ஸ் வேணும்னு நான் எப்பம் கேட்டேன்? கூப்பிடுவீங்கன்னுதான் ஒண்ணரை வருசமா உக்காந்திருந்தேன். நீங்க மரத்தைப் பத்தியே எழுதுதீங்க."

எட்டுப் பேரும் கையில் சாமானோடு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. கூச்சமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் ஏற்கெனவே பட்டறைக்குள் நாலடி வந்து, என் மேசைக்கு எதிரே நின்றிருந்தாள். ஆனாலும் சொன்னேன்.

"வா."

அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பிறகு, இப்போதுதான் கூப்பிட்டு வருகிறவள்போல, மறுபடியும் படியேறி உள்ளே வந்தாள்.